‘சுலபமாக’ விட்ட மொழி – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் பிரான்சின் லீல் நகரில் இருக்கிறேன். உடன் வேலை செய்பவர்களில் பலருக்கு ‘வான்’ என்று தொடங்கும் ஃபிளெமிஷ் (பெல்ஜியத்தின் வடபகுதியில் பேசும் டச்சு) குடும்பப் பெயர்கள். ஒருவருக்கும் ஃபிளெமிஷ் தெரியாது. இவர்கள் பிரெஞ்சுக்காரர்களா, ஃபிளெமிஷ்காரர்களா? தாய்மொழியை இவ்வளவு சுலபமாக விட்டவர்களை என்னவென்று சொல்வது?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

லீல், ஃபிளெமிஷ் மொழிக்குப் பெயர் தந்த ஃபிளாண்டர்ஸ் பகுதியின் பிரபுக்களுடைய நகரம்தான். ஆனால் ஊர்மக்கள் பேசியது பிரெஞ்சுக்கு நெருங்கிய உறவான பிக்கார். உங்கள் சகாக்களின் பெயர்களில் பல, 19-ஆம் நூற்றாண்டில் ஆலை வேலைக்காகப் பெல்ஜியத்திலிருந்து வந்தவர்களுடையவையாக இருக்கலாம். பிரான்சுக்குள் ஃபிளெமிஷ் வாழ்ந்தது இன்னும் வடக்கே, டன்கிர்க், காசல், ஹாஸ்புரூக் பக்கம்.

‘சுலபமாக’ என்று எழுதும்முன் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா? அந்தப் பகுதியைப் பிடித்த பதினான்காம் லூயி, 1684-இல் நீதிமன்றங்களில் பிரெஞ்சைக் கட்டாயமாக்கினார். அதற்குப் பிறகும் இருநூறு ஆண்டுகள் வயலிலும் சந்தையிலும் ஃபிளெமிஷ்தான். அரசாணையால் முடியாததை 1880-களில் வந்த கட்டாயப் பள்ளிக்கூடம் செய்தது.

சில ஆண்டுகளுக்கு முன் காசல் குன்றின் மேல் ஒரு சிறிய மதுக்கடையில் முதியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வகுப்பில் வாய்தவறி ஃபிளெமிஷ் பேசியதற்காக அடிவாங்கியவர். மனைவியோடு கடைசிவரை ஃபிளெமிஷ்தான் பேசியிருக்கிறார். பிள்ளைகளோடு பிரெஞ்சு மட்டும். “நான் பட்டது அவர்கள் படக்கூடாது” என்றார். கடன், நோய் என்று பிள்ளைகள் காதில் விழக்கூடாத பேச்சு வந்தால் இருவரும் ஃபிளெமிஷுக்கு மாறிவிடுவார்களாம். பிள்ளைகளுக்கு அது கதவு சாத்திக்கொண்டு பேசுகிற மொழியாகவே போயிற்று. அவர் எதிரில் உட்கார்ந்து ‘சுலபமாக’ என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

1951-இல் பிரான்சின் வட்டார மொழிகளில் பிரெட்டன், பாஸ்க், கத்தலான், ஒக்சித்தான் ஆகிய நான்கையும் பள்ளியில் கற்பிக்கச் சட்டம் அனுமதித்தது. ஃபிளெமிஷுக்கு இடமில்லை. அயல்நாட்டு மொழியின் வட்டார வழக்காம்! பிரான்ஸ் அந்த மண்ணுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கே பேசிய மொழி அது. சைக்கிளில் போகும் தூரத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம், பெல்ஜியத்தின் பொப்பெரிங்கேயில் அதே பேச்சு பேசிய வீட்டுப் பிள்ளைகள் 1930 முதல் கெண்ட் பல்கலைக்கழகத்தில் டச்சிலேயே படித்தார்கள். மொழிப்பற்றில் அவர்கள் உசத்தி, இவர்கள் மட்டம் என்பீர்களா? நடுவே ஒரு எல்லைக்கோடு, அவ்வளவுதான்.

சரி, அவர்கள் யார் என்பதை அவர்களிடமே கேளுங்கள். அதை நானோ நீங்களோ தீர்மானிக்க வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஹாஸ்புரூக் போய்வாருங்கள். ஊர்ப்பெயருக்கு முயல் சதுப்பு என்று பொருள். எண்பது தாண்டிய யாரையாவது பார்த்தால் அதை அவர்கள் வாயால் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.