லீக் கோப்பைக்கு மதிப்பில்லை என்பவர்களுக்கு ஒரு டாட்டன்ஹாம் ரசிகனின் பதில்

"எஃப்.ஏ. கோப்பை இருக்கும்போது இங்கிலாந்தில் லீக் கோப்பை எதற்கு? ஜெயித்தாலும் யார் மதிக்கிறார்கள்? பேசாமல் நிறுத்திவிட்டால் என்ன?" என்பது கேள்வி. இரண்டுமே இங்கிலாந்து கால்பந்து கிளப்புகளுக்கான, தோற்றால் வெளியேறும் கோப்பைப் போட்டிகள்; லீக் கோப்பையைச் சின்னதாக நினைப்பவர்கள் அதிகம்.

மதிப்பு இருக்கிறது, நிறுத்தக் கூடாது. என் பதில் இவ்வளவுதான். ஆனால் ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்டவர் அநேகமாக லிவர்பூல் அல்லது மான்செஸ்டர் சிட்டி ரசிகராக இருப்பார் என்று நினைக்கிறேன். லிவர்பூல் இதை 10 முறை எடுத்திருக்கிறது. சிட்டி 2018 முதல் 2021 வரை வரிசையாக நான்கு வருடம் எடுத்தது. அப்படிப் பழகியவர்களுக்கு இது சலித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை. நான் டாட்டன்ஹாம் ரசிகன், ஸ்பர்ஸ் என்பதும் எங்கள் கிளப்தான். எங்கள் கணக்கைப் பாருங்கள். 1991-இல் எஃப்.ஏ. கோப்பை, 2025-இல் ஐரோப்பா லீக் (ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டி). நடுவில் 34 வருடம். அந்த 34 வருடத்தில் கிடைத்தவை இரண்டே கோப்பைகள், 1999-இலும் 2008-இலும். இரண்டுமே லீக் கோப்பைதான். இந்தப் போட்டியை 1990-களிலேயே மூடியிருந்தால் ஒரு முழுத் தலைமுறை ஸ்பர்ஸ் ரசிகர்கள் எதையுமே பார்க்காமல் வளர்ந்திருப்பார்கள். ஆகவே "யார் மதிக்கிறார்கள்" என்று கேட்டால், நான் மதிக்கிறேன்.

2008 பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அரையிறுதியில் எங்கள் பரம எதிரி ஆர்சனல், இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல் கணக்கில் முடிவு. 1999 நவம்பருக்குப் பிறகு நாங்கள் அவர்களை ஒரு முறைகூடத் தோற்கடித்ததில்லை. முதல் ஆட்டம் 1-1. இரண்டாவது ஆட்டம் எங்கள் மைதானத்தில், எனக்கு அது நள்ளிரவு தாண்டிய நேரம். ஜெனஸ் ஆரம்பத்திலேயே அடித்தார், அப்புறம் ஆர்சனலின் பெண்ட்னர் தன் வலையிலேயே போட்ட ஓன் கோல், கீன், லெனன், மல்பிராங்க். 5-1. "ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கர் சின்னப் பையன்களை இறக்கினார், அதனால் ஜெயித்தீர்கள்" என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. கல்லாஸ் சின்னப் பையனா? பெஞ்சிலிருந்து வந்து அவர்களுடைய ஒரே கோலை அடித்த அடபயோர் சின்னப் பையனா? முக்கியமே இல்லாத ஆட்டம் என்றால் அதே அடபயோரும் பெண்ட்னரும் மைதானத்திலேயே ஒருவரோடொருவர் ஏன் மோதிக்கொண்டார்கள்? ஒரே அணிக்கு ஆடியவர்கள் அவர்கள்.

இறுதிப் போட்டியில் செல்சி. என் அண்ணன் செல்சி ரசிகர். அந்த வாரம் முழுக்க அவர் சொன்னது, "இது சின்னக் கோப்பைடா, எங்களுக்கு சாம்பியன்ஸ் லீக்தான் முக்கியம்." ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் போட்டி அது, சரி என்று கேட்டுக்கொண்டேன். ஆட்டத்தன்று பார்த்தால் செக், டெரி, லாம்பார்ட், டிராக்பா எல்லோரும் களத்தில். முதல் பாதியில் டிராக்பா ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தபோது அண்ணன் போட்ட சத்தத்தில் வீடே எழுந்துவிட்டது. இரண்டாம் பாதியில் பிரிட்ஜ் கையில் பந்து பட்டு எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. அது ஹேண்ட்பால் இல்லை என்று அண்ணன் டிவியோடு சண்டை போட்டார். பெர்பட்டோவ் எந்தப் பதற்றமும் இல்லாமல் நிதானமாக உருட்டிவிட்டார். 1-1.

கூடுதல் நேரம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஜெனஸ் ஒரு ஃப்ரீ கிக் அனுப்பினார். செல்சி கோல்கீப்பர் செக் அதைக் குத்தினார். பந்து உட்கேட் தலையில் பட்டுத் திரும்பி வலைக்குள் போனது. அழகான கோல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த உட்கேட் யார் என்று யோசியுங்கள். 2004-இல் ரியல் மாட்ரிட் வாங்கி, காயத்தால் ஒரு முழு சீசன் ஆட முடியாமல் போனவர். அடுத்த சீசனில் ஒருவழியாக அங்கே முதல் ஆட்டம் ஆடியபோது ஓன் கோல் போட்டு, சிவப்பு அட்டையும் வாங்கியவர். எங்களிடம் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவர் தலையில் பட்டு ஒரு கோப்பை வந்தது. லெட்லி கிங்கும் ராபி கீனும் சேர்ந்து அதைத் தூக்கினார்கள். முட்டி வலியோடே காலம் தள்ளி, வேறு எந்த கிளப்புக்கும் போகாத கிங் தன் வாழ்க்கையில் ஜெயித்த ஒரே பெரிய கோப்பை அது. அதைச் சின்னது என்று சொல்ல என்னால் முடியாது.

அண்ணன் மறுநாள் வரை என்னோடு பேசவில்லை. மதிப்பே இல்லாத ஒன்றுக்காக யாரும் அவ்வளவு கோபப்பட மாட்டார்கள். "வேண்டாம்" என்ற பேச்செல்லாம் செப்டம்பரில், ஆரம்பச் சுற்றுகளின்போது வரும், இல்லையென்றால் தோற்றபின் வரும். பிப்ரவரி, மார்ச்சில் இறுதிப் போட்டிக்காக வெம்ப்லி மைதானத்தில் நிற்கும்போது எந்த வீரரும் எந்த ரசிகரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இனி எனக்கு இன்னமும் ஆறாத விஷயம். 2021 ஏப்ரல் 25 அன்று லீக் கோப்பை இறுதிப் போட்டி, சிட்டியோடு. ஏப்ரல் 19 அன்று கிளப் தன் பயிற்சியாளர் மொரின்யோவை வேலையிலிருந்து நீக்கியது. ஆறு நாள் முன்னால்! அவர் அதுவரை இந்தக் கோப்பையை மட்டும் நான்கு முறை ஜெயித்தவர். அவருக்குப் பதிலாக 29 வயது ரயன் மேசனைப் பொறுப்பில் வைத்தார்கள். மேசன் மீது எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. மண்டை உடைந்து ஆட்டத்தையே விட வேண்டிவந்த எங்கள் பையன் அவர். ஆனால் அனுபவமே இல்லாத ஒருவரை அப்போதைய சிட்டி பயிற்சியாளர் குவார்தியோலாவுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினால் கிளப் என்ன சொல்கிறது என்று அர்த்தம்? சிட்டியின் லாபோர்ட் 82-ஆவது நிமிடத்தில் தலையால் முட்டினார், 1-0. ஆட்டம் முடிந்து எங்கள் சோன் அழுதார்.

உடனே "நீ மொரின்யோ ஆதரவாளனா" என்று கேட்க வேண்டாம். இல்லை. அந்த சீசனின் ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. முதல் ஆட்டத்தில் 2-0 என்று முன்னால் இருந்தும் டினாமோ சாக்ரெபிடம் 3-0 தோற்று ஐரோப்பா லீக்கை விட்டு வெளியேறிய இரவை நானும் மறக்கவில்லை. அவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்றும் அடித்துச் சொல்லவில்லை. ஒரு வாரம் பொறுத்திருக்கலாம், அவ்வளவுதான். லீக்கில் முதல் நான்கு இடத்துக்கான, அதாவது அடுத்த சாம்பியன்ஸ் லீக்குக்கான, வாய்ப்பைக் காப்பாற்ற அவசரப்பட்டார்கள் என்று அப்போது நியாயம் சொன்னவர்கள் இருந்தார்கள். கடைசியில் ஏழாவது இடம்தான் வந்தது. இதில் இன்னொன்று, அவரை நீக்குவதற்கு முந்தைய நாள்தான் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் தமக்குள் தனியாக நடத்தத் திட்டமிட்ட சூப்பர் லீக்கின் அறிவிப்பு வந்தது, எங்கள் கிளப்பும் அந்த 12-இல் ஒன்று. இரண்டே நாளில் அது சரிந்தது வேறு கதை. இருக்கும் கோப்பையைக் கையில் எடுக்காமல் இல்லாத ஒன்றைத் தேடிப் போனார்கள் என்பதுதான் என் கோபம்.

"டாப் ஃபோர்தான் முக்கியம்" என்பது புதிய பேச்சும் அல்ல. 2019 ஜனவரியில் இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளிலிருந்தும் சில நாட்களுக்குள் வெளியேறியபோது எங்கள் அப்போதைய பயிற்சியாளர் பொச்செட்டினோவும் கோப்பைகள் ஈகோவைத்தான் வளர்க்கும், தொடர்ந்து முதல் நான்கில் இருப்பதே முக்கியம் என்ற பொருளில் பேசினார். நான் அவரை நேசித்தவன், அந்த வருடம் எங்களைச் சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை கொண்டுபோனவர். இருந்தாலும் அந்தப் பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கேன், சோன், எரிக்சன், ஆல்லி, வெர்டோங்கன், ஆல்டர்வெய்ரெல்ட் என்று என் வாழ்நாளில் நான் பார்த்த மிகச் சிறந்த ஸ்பர்ஸ் அணி. அவர்கள் சேர்ந்து ஆடிய காலத்தில் ஒரு கோப்பைகூட இல்லை. லீக் கோப்பை ஒன்றாவது எடுத்திருக்கலாம். கேன் ஜெர்மனிக்குப் போய் 2025-இல்தான் தன் முதல் பெரிய பட்டத்தைத் தொட்டார்.

அடுத்து "ஆட்டங்கள் அதிகம், வீரர்கள் களைத்துப்போகிறார்கள்" என்பார்கள். களைப்பு உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாரத்தை ஏற்றியது யார்? ஐரோப்பாவில் ஆடும் இங்கிலாந்து அணிகள் லீக் கோப்பையில் மூன்றாவது சுற்றில்தான் நுழைகின்றன, கோப்பை வரை போனாலும் மொத்தம் ஆறே ஆட்டம். 2018-இலிருந்து பெரும்பாலான சுற்றுகளில் கூடுதல் நேரமும் கிடையாது, நேராகப் பெனால்டி. மறுபக்கம், சாம்பியன்ஸ் லீக் முதல் கட்டத்தை 2024-இல் ஆறு ஆட்டத்திலிருந்து எட்டாக்கினார்கள். 2025 கோடையில் 32 அணிகளோடு கிளப் உலகக் கோப்பை வைத்தார்கள். எஃப்.ஏ. கோப்பையில் சமனில் முடிந்தால் நடந்துவந்த மறு ஆட்டங்களை எடுத்துவிட்டார்கள், அதில் கிடைத்துவந்த வருமானத்தை இழந்தவை சின்ன கிளப்புகள். வெட்டு விழுவது எப்போதும் இந்தப் பக்கம்தான்.

பிரான்ஸ் ஏற்கெனவே இதைச் செய்துவிட்டது. ஒளிபரப்புக்கு ஆள் கிடைக்காமல் அவர்களுடைய லீக் கோப்பையை 2020-உடன் நிறுத்தினார்கள். பாரிஸ் கிளப்பான பி.எஸ்.ஜி. 2014 முதல் 2018 வரை வரிசையாக ஐந்து முறை எடுத்தது, அதனால் சுவாரசியம் செத்துவிட்டது என்று சொன்னார்கள். அதற்கு அடுத்த வருடம் யார் எடுத்தது தெரியுமா? ஸ்ட்ராஸ்பூர்க். 2011-இல் திவாலாகி ஐந்தாவது டிவிஷனில் போய் விழுந்த கிளப். அங்கிருந்து ஏறி வந்து 2019-இல் பெனால்டியில் கோப்பையைத் தூக்கியது. 2000-இல் இரண்டாம் டிவிஷனில் இருந்த கெனியோன், அதே பி.எஸ்.ஜி.யை இறுதியில் 2-0 என்று வென்றது. இந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. போர்ச்சுகலில் மூடவில்லை, ஆனால் எட்டு அணிகளாகச் சுருக்கி முந்தைய சீசனில் மேலே இருந்தவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 2017-இல் கோப்பை எடுத்த மொரெய்ரென்செ இந்த விதி அன்று இருந்திருந்தால் உள்ளேயே வந்திருக்க முடியாது.

இங்கிலாந்திலும் பட்டியல் நீளம், எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறேன். 1967-இல் மூன்றாம் டிவிஷனில் இருந்த லண்டன் கிளப் க்யூ.பி.ஆர். இறுதியில் 2-0 பின்னால் இருந்து 3-2 என்று ஜெயித்தது. 1969-இல் இன்னொரு மூன்றாம் டிவிஷன் அணி ஸ்விண்டன், ஆர்சனலை 3-1 என்று வென்றது. 1876-இல் தொடங்கிய மிடில்ஸ்பரோவின் முதல் பெரிய கோப்பை 2004-இல் வந்தது, அதுவும் இதுதான். நியூகாசில் 1955-க்குப் பிறகு உள்நாட்டில் எடுத்த முதல் கோப்பை, 2025 மார்ச்சில் லிவர்பூலை 2-1 என்று வென்ற அதே லீக் கோப்பை. சிறுவயதில் அந்த கிளப்பே வெளியே அனுப்பிய டான் பர்ன் முதல் கோலை அடித்தார். அன்று அந்த ஊர் மக்களைப் பார்த்தவர் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இருந்த ஒரு ரசிகர் குழுவில் 2021 பற்றி இப்படித்தான் எழுதினேன். உடனே ஒருவர், "நீ ஒரு தடவையாவது மைதானத்துக்கு வந்திருக்கிறாயா?" என்று கேட்டார், நாலு பேர் அதற்குக் கைதட்டினார்கள். மைதானத்துக்குப் போனதில்லை. வாரநாளில் விடிய விடியக் கண் விழித்துப் பார்த்துவிட்டு அப்படியே வேலைக்குப் போகிறவன் நான். தொலைவில் இருப்பவனுடைய பாசம் போலி என்று முடிவு செய்ய அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அந்தக் குழுவை விட்டு வந்துவிட்டேன்.

சரி, எதையாவது மாற்றியே தீர வேண்டும் என்றால், அரையிறுதியை இரண்டு ஆட்டத்திலிருந்து ஒன்றாக்குங்கள். பெரிய கிளப்புகளுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும், மற்றபடி போட்டியைத் தொடாதீர்கள். அதைக்கூட அரை மனதோடுதான் சொல்கிறேன். எங்கள் 5-1 இரண்டாவது ஆட்டத்தில்தான் வந்தது.