உப்பு பாக்கெட் எத்தனை நாள் வருகிறது?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. இரண்டு மாதத்துக்கு முன் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். உப்பு, எண்ணெய், தேங்காயைக் குறைக்கச் சொன்னார்கள். அவருக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். இந்துப்புக்கு மாறிவிட்டேன், பரவாயில்லையா? வத்தக்குழம்பு இல்லாமல் அவரால் இருக்கவே முடியாது. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் அந்தத் தனிச் சமையலை நிறுத்துங்கள் அம்மா. பக்கத்துத் தட்டில் மணக்க மணக்கக் குழம்பு இருக்கும்போது, தன் தட்டில் பத்தியச் சாப்பாட்டைப் பார்த்தால் யாருக்குத்தான் இறங்கும்? எல்லோருக்குமான குழம்பையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் எண்ணெயைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், உப்பைக் கண்டுகொள்வதில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பாக்கெட் பிரிக்கும் நாளில் அதன் மேலேயே தேதி எழுதி வையுங்கள். ஊறுகாய், மிக்சர், பிஸ்கட்டில் வரும் உப்பு இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

காலை இட்லியையே பாருங்கள். மாவில் உப்பு, சாம்பாரில் உப்பு, சட்னியில் உப்பு, பொடியில் உப்பு. நான்கையும் ஒரே நாளில் குறைத்தால் சாப்பாடு சப்பென்று ஆகிவிடும். மாவில் பாதியாக்குங்கள், சட்னியில் எலுமிச்சை பிழியுங்கள், பொடியை விட்டுவிடுங்கள். சாம்பாரை இப்போதைக்குத் தொட வேண்டாம், இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.

இந்துப்பும் பெரும்பகுதி சாதா உப்பில் இருக்கும் அதே சோடியம் குளோரைடுதான், அதனால் பெரிய லாபம் இல்லை. கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று கிடைப்பதை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில ஏற்கெனவே உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைப்பவை. சிறுநீரகமும் பலவீனமாக இருந்தால் இந்த உப்பும் மாத்திரையும் சேர்ந்து இதயத் துடிப்பையே குழப்பிவிடும்.

எண்ணெயில் பிராண்டைவிட அளவுதான் முக்கியம். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம், ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றும் நிறைகொழுப்பு, அதனால் தாளிக்கக்கூட வேண்டாம். அப்பளம் பொரித்த எண்ணெயை மறுநாள் குழம்புக்கு ஊற்றும் சிக்கனமும் வேண்டாம். தேங்காயை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. சட்னியில் பாதிக்குப் பாதி பொட்டுக்கடலை, பொரியலுக்கு ஒரு ஸ்பூன் துருவல் போதும். மீன் சாப்பிடுவார் என்றால் மத்தி, கானாங்கெளுத்தியைக் குழம்பாக வையுங்கள், வறுக்காதீர்கள்.

சரி, வத்தக்குழம்புக்கு வருவோம். அதில் உப்பு இரண்டு வழியில் வருகிறது. நாம் போடுவது ஒன்று. உப்பு மோரில் ஊறவைத்துக் காயவைத்த வத்தல் கொண்டுவருவது இன்னொன்று. அதனால் பச்சைச் சுண்டைக்காய் கிடைத்தால் தட்டிப் போடுங்கள். வத்தலேதான் வேண்டும் என்றால் வெந்நீரில் கால் மணி நேரம் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சேருங்கள். இரும்புச் சட்டியில் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கும்போது அடிபிடித்தால் எண்ணெய் ஊற்றாமல் தண்ணீர் தெளியுங்கள். 'எண்ணெய் பிரிந்து வர வேண்டும்' என்று அம்மா சொல்லிக்கொடுத்த பக்குவத்தை மட்டும் இனி மறந்துவிட வேண்டும். பச்சை வாசனை போய்க் குழம்பு கெட்டியானால் இறக்கிவிடலாம். உப்பைக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு, வழக்கத்தில் பாதி போட்டு ருசி பாருங்கள். புளி இருப்பதால் குறை தெரியாது.

அப்புறம், தொட்டுக்கொள்ள அப்பளம் கேட்பார். சுட்டுக் கொடுத்தால் எண்ணெய் மிச்சமாகும், ஆனால் அதில் இருக்கும் உப்பும் அப்பளக்காரமும் எங்கும் போய்விடாது. வாரத்துக்கு ஒன்று கொடுங்கள், அதுவும் வத்தக்குழம்பு வைக்காத நாளில்.