பந்தியில் யாரை எழுப்பிவிடுகிறார்கள் என்று பாருங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் புயல் நிவாரணத்துக்காகக் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. சோறு போடும் ஒரு சமய அறக்கட்டளைக்குக் கொடுக்கலாம் என்றேன். ‘அவங்க ஆளுங்களுக்குத்தான் செய்வாங்க’ என்று சிலர் தடுக்கிறார்கள். கொடுக்கலாமா அம்மா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: கொடுக்கலாம். ஆனால் சங்கத்தில் கேட்பதும் நியாயமான கேள்விதான், அதைத் தள்ளிவிடாதீர்கள். அந்த அமைப்பு எந்தச் சாமியைக் கும்பிடுகிறது என்பதை விட்டுவிட்டு, அதன் பந்தியிலிருந்து யாரையாவது எழுப்பிவிடுகிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள்.

நான் குறிஞ்சிப்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். பக்கத்திலேயே வடலூர். அறுவடை முடிந்தால் அங்கே பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலைக்கு ஒரு மூட்டை அரிசி போய்விட வேண்டும் என்பது என் மாமியார் வைத்திருந்த வழக்கம். அந்தச் சோற்றை யார் சாப்பிட்டார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

1866-இல் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் பஞ்சம். அடுத்த வருடமே, 1867 மே 23 அன்று, வள்ளலார் அந்தத் தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. 1874 தொடக்கத்தில் மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் சித்தியடைந்துவிட்டார். இரண்டே வருடத்தில் 1876–78 பெரும் பஞ்சம் வந்தது. அவர் இல்லாமலே சாலை அதையும் தாண்டியது. ஒரு மனிதரை மட்டும் நம்பி நிற்கும் அமைப்பா, அவருக்குப் பிறகும் உலை கொதிக்கும் அமைப்பா என்பதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் சங்கத்தாரிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இன்னொன்று. 1872-இல் அதே வடலூரில் வழிபாட்டுக்கான ஞானசபையைத் திறந்தார்கள். அதற்குள் நுழைய நிபந்தனை உண்டு: கொலையும் புலாலும் தவிர்த்தவராக இருக்க வேண்டும். சாலையில் சாப்பிட அந்த நிபந்தனை கிடையாது. புலால் உண்பவருக்கும் பசியை ஆற்றத்தான் வேண்டும் என்பது வள்ளலார் கொள்கை. உயிர்க்கொலையை அவ்வளவு வெறுத்தவர், சோற்றுக்கு மட்டும் அந்தக் கோட்டைப் போடவில்லை. எனக்கு வள்ளலாரிடம் மிகப் பெரிய விஷயமாகத் தெரிவது இதுதான். வழிபாட்டுக்கு எந்தச் சமயமும் விதி வைத்துக்கொள்ளட்டும். இலை போடும் இடத்தில் அந்த விதி வந்து உட்காரக் கூடாது.

சரி, எப்படிக் கொடுப்பது? 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் எங்கள் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அப்போது வெளியூர்களிலிருந்து வந்த பொட்டலங்களில் பாதி வழியிலேயே ஊசிப்போயின. பழைய துணி மூட்டைகளை யாரும் பிரிக்கக்கூட இல்லை. அதே சமயம், உள்ளூரில் அடுப்பெரிந்த இடங்களில் அரிசிக்கும் பருப்புக்கும் தவித்தார்கள். எனவே சமைத்து அனுப்பாதீர்கள். பாதித்த ஊருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே சமைத்துக்கொண்டிருப்பவர்களைக் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன தீர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். அரிசி என்பார்கள், எண்ணெய் என்பார்கள், சில நாள் விறகு என்பார்கள். அதை வாங்கி இறக்கிவிட்டு ரசீது கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். சங்கப் பணத்துக்குக் கணக்கு இருந்தாக வேண்டும்.

முடிந்தால் உங்களில் இருவர் ஒருவேளை அந்தப் பந்தியில் பரிமாறிவிட்டு வாருங்கள். சந்தேகப்படுகிறவர்களில் ஒருவரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள்.