மூன்று ஓட்டும் ஒரு முரண்டும்

கே: அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாக்குப்பதிவு முடிந்த நொடியே 'ஜனநாயகக் கட்சி வெற்றி' என்று டி.வி.யில் போட்டுவிடுகிறார்களே, எண்ணாமலே எப்படி?

ப: அங்கே இரவு ஏழு மணி என்றால் நமக்கு விடிகாலை ஐந்தரை. 2024-ல் நானும் முகம்கூடக் கழுவாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்தேன்; காபி வருவதற்குள் வரைபடத்தில் வெர்மான்ட் ஜனநாயகக் கட்சியின் நீல நிறத்துக்கு மாறிவிட்டது. வாக்காளர்களிடம் எடுத்த கணிப்பும் பழைய தேர்தல்களின் வித்தியாசமும் போதும் அவர்களுக்கு. 2020-ல் பைடனுக்கு அங்கே 66 சதவீதம். வேறெந்த மாநிலமும் அவருக்கு அவ்வளவு தரவில்லை. 2024-ல் கமலா ஹாரிஸுக்கு 63-க்கு மேல்.

'அது என்றைக்கும் ஜனநாயகக் கட்சிக் கோட்டை' என்று யாராவது அளந்தால் மட்டும் நம்பாதீர்கள். 1856 முதல் 1960 வரை 27 அதிபர் தேர்தல்கள். அத்தனையிலும் குடியரசுக் கட்சிதான். 1912-ல் குடியரசுக் கட்சி அதிபர் டாஃப்ட் மண்ணைக் கவ்வியபோது அவருக்குக் கைகொடுத்தவை யூட்டாவும் வெர்மான்ட்டும் மட்டுமே. 1936-ல் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். மசியாத இரண்டு: மெய்ன், வெர்மான்ட். அதே ஆண்டு வெர்மான்ட்டின் மலைத்தொடர் நெடுகச் சாலை போட்டுத் தருவதாக வாஷிங்டனின் மத்திய அரசு பணத்தோடு வந்தது. மார்ச் மாத ஊர்க்கூட்டங்களில் ஓட்டெடுத்து 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள். வருகிற பணத்தை வேண்டாமென்று சொன்ன அந்த முரண்டு எனக்குப் பிடித்திருக்கிறது.

1964-ல் ஜனநாயகக் கட்சியின் ஜான்சனுக்காக ஒருமுறை மாறினார்கள். 1968 முதல் 1988 வரை மறுபடி பழைய கட்சி. 1992-லிருந்து ஜனநாயகக் கட்சிப் பக்கம். வெளி மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் பெருகியது ஒரு காரணம். குடியரசுக் கட்சியின் பிடிமானம் தெற்கே நகர்ந்தது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிது என்பது என் வாதம்.

கே: ஆக, ஊரே கட்சி மாறிவிட்டது. அவ்வளவுதானே?

ப: எங்கே மாறியது? ஹாரிஸுக்குக் குத்திய அதே நாளில், ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் ஃபில் ஸ்காட்டை 70 சதவீதத்துக்கு மேல் கொடுத்து ஜெயிக்க வைத்தார்கள். அந்த ஸ்காட்டோ, தாம் ஹாரிஸுக்குத்தான் போட்டதாக வெளிப்படையாகச் சொன்னார்! 2016-ல் 18,000-க்கும் மேற்பட்டோர், வாக்குச்சீட்டிலேயே இல்லாத தங்கள் செனட்டர் பெர்னி சாண்டர்ஸின் பெயரைக் கையால் எழுதிப் போட்டார்கள். வாக்காளராகப் பதியும்போது 'நீ எந்தக் கட்சி?' என்று அங்கே கேட்பதே கிடையாது. சிறையில் இருப்பவருக்கும் ஓட்டு உண்டு.

கே: வெறும் மூன்று தேர்வாளர் ஓட்டுக்கு இத்தனை பேச்சா?

ப: அதிபரை முடிவுசெய்வது ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கிய இந்தத் தேர்வாளர் ஓட்டுகள்தானே! வெர்மான்ட்டில் சுமார் ஆறரை லட்சம் பேருக்கு 3. கலிஃபோர்னியாவில் கிட்டத்தட்ட நான்கு கோடிப் பேருக்கு 54. வகுத்துப் பாருங்கள், வெர்மான்ட்காரரின் ஓட்டு மூன்று மடங்கு கனம். ஒரு மாநிலத்துக்குக் கீழவையிலும் மேலவையான செனட்டிலும் எத்தனை இடமோ, அத்தனை தேர்வாளர்கள். எவ்வளவு சிறிய மாநிலமானாலும் செனட்டில் இரண்டு இடம் என்று 1787-ல் அரசியல் சட்டம் எழுதியபோது பேசி முடித்ததன் பலன் இது. நியாயமா என்றால், இல்லை.

கே: டிரம்ப் அங்கே மருந்துக்குக்கூட ஜெயிக்கவில்லையா?

ப: வடகிழக்கு மூலையில் எசெக்ஸ் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). 2016, 2020 இரண்டு முறையும் அவருக்கே. அந்த மாநிலத்திலேயே ஆள் குறைந்த கவுண்டி. மொத்தமே ஏறக்குறைய ஆறாயிரம் பேர்.