ரீல்ஸ் பார்த்துப் பேசும் தமிழ்

கேள்வி: என் மகள் உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டில் படிக்கிறாள். வீட்டில் ஆங்கிலம்தான். கொஞ்ச நாளாக இன்ஸ்டகிராமில் சென்னை, மதுரைப் பிள்ளைகள் போடும் ரீல்ஸைப் பார்த்துவிட்டு அதே மாதிரி தமிழ் பேசுகிறாள். போன வாரம் என் மாமியார் ஏதோ அறிவுரை சொல்லப்போக, "மொக்கை போடாதீங்க பாட்டி" என்றுவிட்டாள். அன்றிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கைப்பேசியைப் பிடுங்கிவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?
– வாசகி, செங்காங், சிங்கப்பூர்

பதில்: பிடுங்க வேண்டாம், சகோதரி. பாட்டியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது இன்றே நடக்கட்டும். ஆனால் அவள் சொன்னதை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளை, எரிச்சல் வந்த நேரத்தில் தமிழில் பேசியிருக்கிறாள். அந்த எரிச்சலிலும் "போடாதீங்க" என்றுதான் வந்திருக்கிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொன்னவர்கள் 3 விழுக்காட்டுக்கும் கொஞ்சம் மேல். 2020ல் அது 2.5 ஆகிவிட்டது. பேருந்தில், உணவங்காடியில், தோழிகளோடு எல்லாம் ஆங்கிலம்தான். தன் வயதுப் பிள்ளைகள் தமிழில் சிரிப்பதையும் சண்டை போடுவதையும் உங்கள் மகள் வேறு எங்கே கேட்பாள்? அந்தக் கைப்பேசியில்தான் கேட்கிறாள்.

தோழியிடம் எப்படிப் பேசுவது, பாட்டியிடம் எப்படிப் பேசுவது என்பதை மட்டும் ரீல்ஸ் சொல்லித் தராது. நாமெல்லாம் அதை அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று பத்துப் பேர் நடுவில் வளர்ந்து பழகிக்கொண்டோம். அவளுக்கு அந்தப் பத்துப் பேர் இல்லை. அதனால் மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: பேத்தி தப்பாகப் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், "என்கிட்ட இப்படிச் சொல்லும்மா" என்று அங்கேயே திருத்தட்டும்.

அப்புறம், நீங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கண்காணிக்க இல்லை, சேர்ந்து பார்க்க. மதுரைக் கடையில் ஒருவர் ஜிகர்தண்டா போடுவதைப் பார்க்கிறாள் என்று வையுங்கள். கண்ணாடித் தம்ளரில் முதலில் வழுவழு என்று விழுகிறதே, அது என்ன என்று கேளுங்கள். பாதாம் பிசின். தேக்கா சந்தையில் வாங்கி வந்து ராத்திரி ஒரு ஸ்பூன் மட்டும் ஊறப் போடுங்கள், காலையில் கிண்ணம் நிறைய உப்பியிருக்கும். நன்னாரி சர்பத் எவ்வளவு, பாலை எவ்வளவு நேரம் காய்ச்சுவது என்று பாட்டியிடம் அவளே போய்க் கேட்கட்டும். கேட்பதோடு நின்றுவிடும் தமிழ் நாக்குக்கு வராது; யாரிடமாவது பேசியாக வேண்டும். தாய்மொழி வாய்மொழித் தேர்விலும் காணொளியைப் பார்த்துவிட்டு ஆசிரியரோடு உரையாடத்தானே சொல்கிறார்கள்.

இன்னொன்று. எந்தக் காணொளியை நின்று முழுதாகப் பார்க்கிறோமோ, அதே மாதிரி இன்னும் பத்தை இன்ஸ்டகிராம் கொண்டுவந்து கொட்டும். நீங்கள் இருவரும் சேர்ந்து தமிழில் கதை சொல்கிறவர்களை, சமைக்கிறவர்களைக் கடைசிவரை பாருங்கள். அதுவும் தன்னால் வரத் தொடங்கும்.

உங்கள் கணவரின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுக்கக் கைப்பேசிக்குத் தடை. மிச்சமிருக்கும் நேரம் வீட்டில்தான், அதிலும் ராத்திரியில்தான் கட்டுப்பாடு போய்விடும். அங்கே கறாராக இருங்கள். பத்து மணிக்குக் கைப்பேசி கூடத்தில் சார்ஜில் இருக்க வேண்டும், படுக்கையறைக்குள் போகக்கூடாது. அவளுடையது மட்டுமில்லை, உங்களுடையதும் அவருடையதும்தான். கணவர் இதற்குச் சம்மதித்த பிறகு மகளிடம் பேசுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.