மூன்று முறை குடல் அடைப்பு: லேப்ராஸ்கோபி செய்துகொள்ளலாமா?

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு வயது 58. 2011-இல் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். கடந்த இரண்டு வருடங்களில் மூன்று முறை குடல் அடைப்பு வந்துவிட்டது. மூன்று முறையும் மூக்கில் டியூப் போட்டு, டிரிப்ஸ் ஏற்றியதிலேயே சரியானது. பழைய ஆபரேஷனால் குடல் ஒட்டியிருக்கிறது, ஸ்கேனில் ஒரே இடத்தில் சிக்கல் தெரிகிறது, சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியில் விடுவித்துவிடலாம் என்கிறார் சர்ஜன். மறுபடி கத்தி பட்டால் இன்னும் ஒட்டிக்கொள்ளும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உறவினர்கள் சொல்வது பொய்யில்லை. எந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகும் புண் ஆறும்போது உள்ளே ஒட்டுத்திசு உருவாகும். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது உண்டு. அவர்களில் பலர் ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்துவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் அந்தத் திசு கயிறுபோல் நீண்டு, சிறுகுடலின் ஒரு வளைவை நெரிக்கிறது. சிறுகுடல் அடைப்புக்கு முதல் காரணமே இந்த ஒட்டல்தான்.

ஆனால் அந்தப் பயத்தால் மட்டும் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது. ஒவ்வொரு அடைப்பும் அடுத்த அடைப்புக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. மருந்திலும் டியூபிலும் சரியானவர்களில் ஐந்து வருடத்துக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. ஆபரேஷன் செய்தவர்களுக்கும் வரலாம், சற்றுக் குறைவாக. அம்மாவுக்கு இரண்டு வருடத்தில் மூன்று முறை வந்திருக்கிறது என்றால், சர்ஜன் இந்தப் பேச்சை எடுத்தது நியாயமே.

அடுத்தது, லேப்ராஸ்கோபியா, திறந்து செய்வதா என்பது. தழும்பின் நீளத்தை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். உள்ளே என்ன மாதிரி ஒட்டல் என்பதுதான் முக்கியம். ஒரே ஒரு இழை ஓரிடத்தில் நெரிக்கிறது என்றால் லேப்ராஸ்கோபி மிக நன்றாக வேலை செய்யும். பின்லாந்திலும் இத்தாலியிலும் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒற்றை இழையாக இருக்கும் என்று ஸ்கேனில் எதிர்பார்க்கப்பட்ட நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். லேப்ராஸ்கோபி செய்தவர்கள் சராசரியாக 4.2 நாளிலும், திறந்து செய்தவர்கள் 5.5 நாளிலும் வீடு திரும்பினார்கள். துளை வழியாகச் செய்யும்போது புதிதாக ஒட்டல் உருவாவதும் பொதுவாகக் குறைவு. அந்த விஷயத்தில் உறவினர்களுக்கு நீங்கள் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

குடல் முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தாலோ, அடைப்பில் குடல் மிகவும் வீங்கி உள்ளே இடமே இல்லாமல் இருந்தாலோ கதை வேறு. அப்போது கருவி பட்டுக் குடல் ஓட்டையாகும் ஆபத்து கூடுகிறது. இந்த ஆபரேஷனில் நான் பெரிதும் பயப்படுவது அதைத்தான். ஓட்டை அப்போதே கண்ணில் பட்டால் தைத்துவிடலாம். கவனிக்காமல் போனால் ஓரிரு நாளில் காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, வயிற்று வலி என்று வெளிப்பட்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

அதனால்தான் அனுபவமுள்ள சர்ஜன் முதல் துளையைப் பழைய தழும்பை விட்டு விலகி, பெரும்பாலும் இடது விலா எலும்புக்குக் கீழே போடுவார். வீங்கிய குடலைப் பிடித்து இழுக்க மாட்டார். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் குடல் சுருங்கி இருக்கும். அங்கிருந்து பின்னோக்கி வந்து நெரிபடும் இடத்தைக் கண்டுபிடிப்பார். குடலுக்குப் பக்கத்தில் மின்கருவியால் சுடாமல் கத்தரிக்கோலால் வெட்டுவார். நெரிசல் விட்டதும் குடல் சிவந்து உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வருகிறது. அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். தேவைப்படும்போது திறக்கத் தயங்காத சர்ஜனைத்தான் நான் நம்புவேன்.

உங்கள் சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்: இந்த மாதிரி கேஸ் எத்தனை செய்திருக்கிறீர்கள்? ஸ்கேனில் ஒற்றை இழை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வயிற்றுக் காசநோய், கட்டி, குடலிறக்கம் இல்லையென்று பார்த்தாயிற்றா? நம் ஊரில் காசநோயும் குடலைச் சுருக்கி அடைக்கும் என்பதால் கடைசிக் கேள்வி அவசியம். இன்னொன்று, அம்மாவுக்கு அடைப்பு இல்லாமல் எப்போதும் வயிற்று வலி மட்டும் இருந்திருந்தால் நான் இந்த ஆபரேஷனைப் பரிந்துரைக்க மாட்டேன். வெறும் வலிக்காக ஒட்டலைப் பிரிப்பதில் தனிப் பயன் இல்லை என்று 2003-இலேயே நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டிவிட்டது.

ஆபரேஷன் தேதி வரும்வரை அம்மா எதையும் நன்றாக மென்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடட்டும். முருங்கைக்காய்ச் சக்கை, பனங்கிழங்கு நார் இவற்றை விழுங்க வேண்டாம்.

அதற்குள் மறுபடி அடைப்பு வந்தால், அதாவது விட்டுவிட்டு வலி, வயிறு உப்பல், பச்சையாக வாந்தி, காற்றுகூடப் பிரியாத நிலை என்றால், வீட்டில் எதையும் முயற்சி செய்ய வேண்டாம். விளக்கெண்ணெய், பேதி மாத்திரை கொடுக்காதீர்கள். 'குடல் ஏறிக்கொண்டது' என்று எண்ணெய் தடவித் தட்ட விடாதீர்கள். வாய்வழியாக ஒன்றும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே பெரும்பாலும் முதலில் டியூப், டிரிப்ஸ்தான். சில இடங்களில் எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு மருந்தை டியூப் வழியாக விடுவார்கள். 24 மணி நேரத்தில் அது பெருங்குடலை எட்டினால் ஆபரேஷன் இல்லாமல் சரியாக நல்ல வாய்ப்பு உண்டு. மூன்று நாள் வரை இப்படிப் பார்க்கலாம்.

ஆனால் விட்டுவிட்டு வந்த வலி விடாத வலியாக மாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிறு பலகைபோல் இறுகினாலோ மூன்று நாள் கணக்கெல்லாம் கிடையாது. குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கலாம், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். இரவு எந்நேரமானாலும் கிளம்பிவிடுங்கள். 2011 ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் படங்களையும் ஒரே பையில் வைத்திருங்கள். டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.