டேஞ்சர் போர்டில் என்ன எழுத வேண்டும்?

மழைக்கு முன்னால் மீட்டர் ரூமை ஒருமுறை பார்த்து வையுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெட்டியை விட்டுவிட்டு, பெட்டி மேல் இருக்கும் போர்டைப் பற்றிக் கேட்கின்றன. சரி, இந்த முறை அது மட்டும்.

கேள்வி: எங்கள் சொசைட்டி மீட்டர் ரூமில் இருந்த பழைய தகரப் பலகை துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. எலெக்ட்ரீஷியன் மஞ்சள் முக்கோணத்துக்குள் மின்னல் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு, “இப்போ இதுதான் சார் இன்டர்நேஷனல்” என்கிறார். இது போதுமா?
– சொசைட்டி செயலாளர், செம்பூர்

பதில்: போதாது. அந்த முக்கோணம் உலகப் பொதுக் குறி என்று அவர் சொல்வது உண்மைதான், ஐ.எஸ்.ஓ. 7010 என்ற தரத்தில் அதற்கு டபிள்யூ012 என்று எண்ணே இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் 1956ஆம் ஆண்டு மின்சார விதிகளிலிருந்து, மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்து 2023இல் புதுப்பித்த பாதுகாப்பு விதிமுறைகள் வரை ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: இந்தி அல்லது ஆங்கிலம், அதோடு அந்த மாவட்டத்து மொழி, கூடவே ஐ.எஸ். 2551 என்ற இந்தியத் தரம் சொல்லும் வடிவத்தில் மண்டை ஓடும் எலும்பும். மும்பையில் மாவட்டத்து மொழி என்றால் மராத்தி. ஆக, வெறும் மின்னல் ஸ்டிக்கர் தவறுகிறது, அதில் மராத்தியும் இல்லை, மண்டை ஓடும் இல்லை.

இந்த விதி 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட அமைப்புகளுக்கு என்பதால் “நம் வீட்டுக்கு வருவது 230தானே” என்று சிலர் வாதம் செய்வார்கள். வீட்டுக்குள் வருவது அதுதான், ஆனால் மீட்டர் ரூமுக்கு வருவது மூன்று பேஸ், ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவே 415 வோல்ட், அதனால் போர்டு கட்டாயம். (230 வோல்ட்டுக்குப் போர்டு தேவையில்லை என்றால் அது ஆளைக் கொல்லாது என்று அர்த்தமில்லை. நம் வீடுகளில் ஷாக் அடித்துச் செத்தவர்கள் எல்லாம் அதில்தான் செத்தார்கள்.)

லோஹார் சாலில் எந்த எலெக்ட்ரிக் கடையில் கேட்டாலும் வெள்ளை எனாமல் பூசி, சிவப்பில் எழுதிய தகரப் பலகை கிடைக்கும், தரத்தில் சொல்லப்பட்டதும் அந்த வெள்ளையும் சிவப்பும்தான். உங்களுக்கு 200க்கு 150 மில்லிமீட்டர் அளவு போதும், 250க்கு 200 என்பது உயர் அழுத்தத்துக்கு. ‘440 வோல்ட்’ என்று அச்சிட்டதை நீட்டுவார்கள், அது பழைய பழக்கம். 415 என்று இருப்பதைக் கேட்டு வாங்கி, கதவின் வெளிப்பக்கம் திருகு போட்டு மாட்டுங்கள். சில இடங்களில் உள்பக்கம் மாட்டியிருக்கிறார்கள், கதவைத் திறந்து உள்ளே போனவனுக்கு அப்புறம் என்ன எச்சரிக்கை? ஸ்டிக்கரையும் கழற்ற வேண்டாம், இருக்கட்டும்.

கேள்வி: போர்டில் மராத்தியில் ‘தோக்கா’ என்று இருக்கிறது. இந்தியில் தோக்கா என்றால் ஏமாற்று ஆயிற்றே? பில்டிங் பையன்கள் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அச்சுப் பிழையா?
– வாசகி, மாதுங்கா

பதில்: பிழை இல்லை அம்மா, மராத்தியில் ஆபத்துக்கு அதுதான் சொல். இந்திக்காரர்களின் சொல்லில் ‘க்க’வை அழுத்தி மூச்சு விட்டுச் சொல்ல வேண்டும், எழுத்தும் வேறு. பையன்கள் சிரித்தாலும் நின்று படிக்கிறார்களே, மற்ற போர்டுகளுக்கு அந்தப் பாக்கியம் கூட இல்லை. தாராவி, சயான் கோலிவாடா பக்கம் தமிழில் ‘அபாயம்’ என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று இன்னும் இருவர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக. சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான்.

கேள்வி: என் மகன் கப்பலில் வேலை செய்கிறான், போகிற துறைமுகத்தில் எல்லாம் மின்சாரப் பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்புவது அவனுக்கு ஒரு பைத்தியம். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறது. எதை ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது?
– வாசகர், முலுண்ட்

பதில்: நல்ல பைத்தியம்தான், விடாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

ஜெர்மனியில் ‘உயர் மின்னழுத்தம், உயிருக்கு ஆபத்து’ என்று இருக்கும். முதலில் பொருள் என்ன என்று சொல்லி, அப்புறம் விளைவைச் சொல்வார்கள். ரஷ்யாவில் அந்த மரியாதை எல்லாம் கிடையாது, மண்டை ஓட்டுக்குக் கீழே ‘ஏறாதே, கொன்றுவிடும்’, அவ்வளவுதான். இத்தாலியில் பழைய கம்பங்களில் ‘தொட்டவன் சாவான்’ என்று நேராகவே எழுதியிருப்பார்கள். ஜப்பானில் அடக்கமாக, ஷாக் அடிக்கும் கவனம் என்ற பொருளில் நாலே எழுத்து. சீனாவில் ‘நில், உயர் மின்னழுத்தம், ஆபத்து’ என்றும், கம்பத்தில் ‘ஏறத் தடை’ என்றும் இடத்துக்குத் தகுந்தபடி மாற்றி எழுதுகிறார்கள். பிரிட்டனில் ‘மரண அபாயம்’ என்று எழுதி, மஞ்சள் முக்கோணத்துக்குள் மின்னல் பாய்ந்து மல்லாந்து விழும் ஆளின் படத்தையும் போட்டுவிடுகிறார்கள், படிக்கத் தெரியாதவனுக்கும் அது புரியும். சிங்கப்பூரில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் நாலு மொழி, அதில் நம் தமிழும் ஒன்று, இது உங்கள் மகனுக்குத் தெரிந்தே இருக்கும்.

எனக்குப் பிடித்தது பிரெஞ்சுக்காரர்களின் பழைய கம்பப் பலகை. கம்பியைத் தொடாதே, கீழே விழுந்து கிடந்தாலும் தொடாதே, மரண ஆபத்து. செக் நாட்டுப் பழைய பலகைகளிலும் இதே ‘தரையில் விழுந்திருந்தாலும்’ உண்டு. மேலே இருக்கும் கம்பியை யாரும் எட்டித் தொடப் போவதில்லை, அறுந்து விழுந்த கம்பியில்தான் பலர் சாகிறார்கள், “விழுந்துடுச்சு, கரண்ட் போயிருக்கும்” என்று நினைத்து ஓரமாகத் தள்ளப் போய். கரண்ட் போயிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. காய்ந்த மண்ணிலோ தார் ரோட்டிலோ விழுந்தால் தரைக்குள் போகும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருக்கும், சப்ஸ்டேஷனில் இருக்கும் பாதுகாப்புக் கருவி அதைக் கோளாறாகவே கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். அப்படியே ட்ரிப் ஆனாலும் தானாகத் திரும்ப ஆன் ஆகும் கருவிகள் லைனில் உண்டு. தொடாமல் பக்கத்தில் போனாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள், விழுந்த இடத்திலிருந்து மண்ணில் பரவும் மின்னழுத்தம் தூரம் போகப் போகக் குறையும், ஆகவே அகல அடி வைத்தால் ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவே வித்தியாசம் வந்து உடம்பு வழியாகக் கரண்ட் பாயும். மாடு போல நாலு கால் அகலமாக நிற்கும் கால்நடைகள் மனிதனுக்கு முன்னால் சாவது இதனால்தான். அருகில் மாட்டிக்கொண்டால் இரண்டு காலையும் ஒட்ட வைத்து, சின்னச் சின்னதாகத் தேய்த்தபடி விலக வேண்டும்.

இப்போது நம் போர்டைப் பாருங்கள். ‘டேஞ்சர், 11000 வோல்ட்’. கரண்ட் வேலை தெரிந்தவனுக்கு அந்த எண் ஒரு செய்தி, அவனுக்குப் போர்டே தேவையில்லை. தெரியாதவனுக்கு 11000 என்பது பெரிய எண், அவ்வளவுதான், என்ன செய்யக் கூடாது என்று ஒரு சொல் கிடையாது. மும்பை நகரத்துக்குள் கேபிள் பெரும்பாலும் மண்ணுக்கடியில் போவதால் அறுந்த கம்பியை நாம் அதிகம் பார்ப்பதில்லை, ஆனால் கல்யாண், வசாய் தாண்டினால் மேலேதான் போகிறது. ஊருக்குள் ஆபத்து வேறு, நடைபாதையில் நிற்கும் பில்லர் பாக்ஸ், அதாவது கட்டடங்களுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த மாதிரி வேண்டாம், சாதாரண ஜூலை மழைக்கே சில இடங்களில் அந்தப் பெட்டியில் கால்வாசி முழுகிவிடும். அதில் ‘தண்ணீர் நின்றால் கிட்டே வராதே’ என்று மராத்தியிலும் இந்தியிலும் ஒரு வரி எழுதினால் 415 என்ற எண்ணைவிட எவ்வளவோ மேல். என்னைக் கேட்டால் எண் சின்னதாக ஓரத்தில் போகட்டும், ‘ஹாத் லாவூ நகா’ (மராத்தியில் ‘கை வைக்காதே’) பெரிதாக வரட்டும்.

கேள்வி: மண்டை ஓடு படம் பார்த்தால் என் பேரனுக்குப் பயமே வருவதில்லை, கடற்கொள்ளைக்காரன் கொடி என்று குதிக்கிறான்.
– வாசகி, டோம்பிவிலி

பதில்: இந்தப் பிரச்சினை அமெரிக்காவில் முன்பே வந்தாயிற்று. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் 1971இல் விஷப் புட்டிகளுக்கு மண்டை ஓடு வேண்டாம் என்று, நாக்கை நீட்டி முகம் சுளிக்கும் பச்சை முகம் ஒன்றை உண்டாக்கினார்கள். அந்த ஊர் பேஸ்பால் அணியின் பெயரே கடற்கொள்ளையர், குழந்தைகளுக்கு மண்டை ஓட்டைக் கண்டால் பயம் எங்கிருந்து வரும்? மின்சாரத்துக்கும் அங்கே தரையில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் பெட்டிகளில் முறைக்கும் மின்னல் பூதம் ஒன்று ஆளைத் தாக்கித் தள்ளுவது போல ஒரு படம் உண்டு, சின்னப் பிள்ளைகளுக்காகவே வரைந்தது. இன்னொன்று, நான் முன்பு சொன்ன அதே ஐ.எஸ்.ஓ. தரத்தில் மண்டை ஓட்டுக்குப் பொருள் விஷம், மின்சாரம் இல்லை. செம்பூர்க்காரரை ஸ்டிக்கரைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். பேரனை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் மின்னல் படத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

கேள்வி: சாகிநாகாவில் சின்ன பட்டறை, கன்ட்ரோல் பேனல் செய்கிறோம். அமெரிக்காவுக்கு ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. டேஞ்சர், வார்னிங், காஷன் மூன்றில் எது வேண்டுமானாலும் ஒட்டலாமா? எல்லாம் ஒன்றுதானே?
– பட்டறை உரிமையாளர், அந்தேரி கிழக்கு

பதில்: நமக்கு ஒன்று, அவர்களுக்கு மூன்று. அங்கே அன்சி இசட்535 என்ற தரத்தில் இவற்றுக்குப் படி வைத்திருக்கிறார்கள். டேஞ்சர் சிவப்பு, தவிர்க்காவிட்டால் சாவோ பெருங்காயமோ நிச்சயம். வார்னிங் ஆரஞ்சு, அது நேரலாம். காஷன் மஞ்சள், சின்ன அல்லது நடுத்தரக் காயம் ஏற்படலாம். 480 வோல்ட் பஸ்பார் (கரண்ட் ஓடும் உலோகப் பட்டை) இருக்கும் கதவில் காஷன் ஒட்டி அனுப்பினால் ஆபத்தைக் குறைத்துச் சொன்ன ஆள் நீங்கள் ஆகிவிடுவீர்கள், அப்புறம் வக்கீல் வருவார். எல்லாவற்றிலும் டேஞ்சர் ஒட்டுவதும் சரியில்லை, எதுவுமே கண்ணில் படாது.

கனடாவுக்குப் போனால் பிரெஞ்சும் சேர்க்க வேண்டியிருக்கும். ஐரோப்பாவில் இயந்திரங்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் எச்சரிக்கையைப் படமாகச் சொல்வதையே விரும்புகிறது, எழுத்தாகச் சொன்னால் வாங்குகிற நாட்டின் மொழியில் இருக்க வேண்டும். பேனலுக்குள் டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருந்தால் ‘மின்சாரத்தை நிறுத்தி இத்தனை நிமிடம் கழித்துத் திற’ என்ற வரியை மறக்காதீர்கள், கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும், நிமிடக் கணக்கு டிரைவ் செய்தவர் கையேட்டில் இருக்கும்.

கேள்வி: லோக்கல் ட்ரெயினில் 25000 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. முன்பு கூரையில் ஏறிப் போனவர்கள் இருக்கிறார்களே?
– கல்லூரி மாணவர், அம்பர்நாத்

பதில்: 1925இல் பம்பாயில் முதல் மின்சார ரயில் ஓடியதிலிருந்து இங்கே 1500 வோல்ட் டி.சி. (நேர் மின்னோட்டம்) தான். அதை 25000 வோல்ட் ஏ.சி.க்கு (மாறு மின்னோட்டத்துக்கு) மாற்றி முடிக்க 2016 வரை ஆயிற்று. 1500இல் கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்று ஏறியவர்கள் நினைத்தார்கள், அதுவும் ஆபத்துதான். 25000இல் தொடவே வேண்டாம், நெருங்கினால் காற்றைத் தாண்டிப் பாயும். இரண்டு மீட்டருக்குள் போகக் கூடாது என்பது ரயில்வேயின் கணக்கு. செல்ஃபி ஸ்டிக்கையும் குடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

கேள்வி: எங்கள் கேங்கில் தமிழ், மராத்தி, பீகார் ஆட்கள் கலந்து வேலை செய்கிறோம். ‘ஆள் வேலை செய்கிறார், ஸ்விட்ச் போடாதே’ அட்டையை எந்த மொழியில் மாட்டுவது?
– வயர்மேன், கல்யாண்

பதில்: மூன்றிலும் மாட்டுங்கள் தம்பி, உங்கள் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்கட்டும். ஆனால் அட்டையை மட்டும் நம்பாதீர்கள், காற்றில் விழும், இருட்டில் தெரியாது. அமெரிக்காவில் 1989இலேயே பூட்டும் அட்டையும் சேர்த்து விதி வந்துவிட்டது. வேலை செய்யும் ஒவ்வொரு ஆளும் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தானே வைத்துக்கொள்வார், போட்டவர்தான் கழற்றுவார். அதற்குப் பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், பக்கத்து பில்டிங் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ எதிர்ப்பக்கத்திலிருந்து கரண்டைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். பூட்டு வாங்க மேஸ்திரி காசு தரமாட்டார் என்றால் பீஸ் கேரியரைக் கழற்றி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறுங்கள்.